கூப்பிடு தூரத்தில் ஆறுதல்

எங்கள் ஊரில் தானியக் கிடங்காக இருந்த கட்டிடத்துக்கு வெளிர்நீலச் சாயம் அடித்து, உள்ளே நாலைந்து மெத்தை நாற்காலிகளைப் போட்டு, ‘மன ஆறுதல் மையம்’ என்று பெயர் வைத்தார்கள். எலிகளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவை பழைய ஞாபகத்தில் வந்து போய்க்கொண்டிருந்தன. முன்பதிவு இல்லாமல், கட்டணம் இல்லாமல், பெயர்கூடச் சொல்லாமல் வந்து பயனடைந்தவர்கள் என்று ரொம்ப நாளைக்கு அவற்றை மட்டும்தான் காட்ட முடிந்தது.

இதைத்தான் வாசல் பலகையும் சொன்னது. ‘எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். கட்டணம் இல்லை. முன்பதிவு இல்லை. பெயரும் வேண்டாம்.’ அதற்கும் கீழே சிவப்பு எழுத்தில், ‘கூப்பிடு தூரத்தில் ஆறுதல்.’

திறப்பு விழாவில் துறை இயக்குநர் பேசினார். நல்ல பேச்சாளர். மைக்கைப் பிடித்தால் மைக்குக்கே மூச்சு வாங்கும்.

“கிராமத்து மக்களுக்கும் மனம் உண்டு என்பதை எங்கள் துறை நீண்ட ஆய்வுக்குப் பிறகு ஏற்றுக்கொண்டிருக்கிறது,” என்றார். நாங்கள் கைதட்டினோம். இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருக்க முடியும்? “இனி இந்தப் பகுதியில் யாரும் தனியாக உட்கார்ந்து துயரப்பட அனுமதி கிடையாது!” அதற்கும் கைதட்டினோம்.

ஆனால் யாரும் உள்ளே போகவில்லை. மையத்தின் வாசல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து இருந்தது. பெயர் சொல்ல வேண்டாம்தான், வாஸ்தவம். பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேருக்கும் அந்தப் பெயர் தெரியுமே, அதற்கு என்ன செய்வது? உள்ளே கால் வைத்தவன் வெளியே வருவதற்குள் அவனுக்கு என்ன வியாதி என்று ஊரே முடிவு செய்திருக்கும்.

முதலில் போனவர் மோட்டார்க்காரர். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றில் மோட்டார் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவோம் என்பதால் பெயர் மோட்டார்க்காரர் என்றே ஆகிவிட்டது. பேச்சு அளந்துதான் வரும். குரல் மட்டும் கணீரென்று இருக்கும். அவருடைய அண்ணனுக்கும் அதே குரல். போன் அடித்தால் பேசுவது புருஷனா கொழுந்தனா என்று அண்ணியே தடுமாறிப் போவாள்.

அந்த அண்ணன் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான கிணறு அது. குழாயின் அடியில் இருக்கும் வால்வில் குப்பை அடைத்துத் தண்ணீர் ஏறவில்லை. தம்பி வேறு ஊருக்கு வேலைக்குப் போயிருந்தார். வரட்டும் என்று இருந்திருக்கலாம். பயிர் வாடுகிறதே என்று அண்ணனே இறங்கினார். அடியில் காற்று கெட்டுக் கிடந்திருக்கிறது. தம்பி வந்து சேர்ந்தபோது கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது.

அதற்குப் பிறகு மோட்டார்க்காரர் ஊரில் எல்லோருடைய மோட்டாரையும் தொட்டார், அந்த மோட்டாரைத் தவிர. அதைத் தினம் காலையில் அண்ணிதான் போய்ப் போட்டுவிட்டு வந்தாள். ஒரு சுவிட்சைத் தட்டிவிட்டு வர எவ்வளவு நேரமாகும்? அவள் வெயில் ஏறின பிறகுதான் திரும்பி வருவாள். “கல்லு மாதிரி நிக்கிறா பாரு, பொம்பளைன்னா இப்படி இருக்கணும்,” என்று ஊர் அவளைப் புகழ்ந்தது. எங்கள் ஊருக்கு அழாதவர்களைக் கண்டால் ரொம்பப் பிடிக்கும்.

மோட்டார்க்காரருக்கு என்ன பிரச்சினை என்றால், அண்ணன் கூப்பிட்டார். எந்த வயலில் மோட்டார் ஓட ஆரம்பித்தாலும், அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து, ‘வாடா தம்பி’ என்று வரும். கோபமாக இல்லை. சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரிதான். அதுதான் அவருக்குப் பயம். இத்தனை வருஷப் பழக்கம், கூப்பிட்டால் ‘இதோ வர்றேண்ணே’ என்று எழுந்து போய்விடுகிற உடம்பு. என்றைக்காவது ஒருநாள் யோசிக்காமல் பதில் சொல்லி, யோசிக்காமலே கிணற்றில் இறங்கிவிட்டால்? இதை யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும் என்று தவித்தார். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்கத் தலையைக் குனிந்துகொண்டு மையத்துக்குள் நுழைந்தார். இதெல்லாம் பிற்பாடு அவரே சொன்னது.

உள்ளே இருந்தது ஒருங்கிணைப்பாளர் அம்மா ஒருத்திதான். சின்ன வயது. ஆளைப் பார்த்ததும் அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“வாங்கய்யா, வாங்க! நிஜமாவே வந்துட்டீங்களா? இல்ல, வழி கேட்க வந்தீங்களா?”

“ஆலோசகரைப் பார்க்கணும்மா.”

“அவர் கேட்கும் பயிற்சிக்குப் போயிருக்கார். மனுஷங்க பேசினா எப்படிக் கேட்கிறதுன்னு சொல்லித் தர்றாங்க. முடிச்சுட்டு வந்ததும் கேட்பார்.”

“உங்ககிட்டயே சொல்லிடறேனே. சின்ன விஷயம்தான். எங்க அண்ணன்...”

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். “ஐயையோ, சொல்லிடாதீங்க! எனக்கு ஒருங்கிணைக்க மட்டும்தான் அனுமதி. நீங்க பாட்டுக்குச் சொல்லி, எனக்கு ஏதாவது புரிஞ்சு தொலைச்சா, நாளைக்கு மேலிடத்துக்கு யார் பதில் சொல்றது?”

வந்தவரை வெறும் கையோடு அனுப்ப அவளுக்கும் மனசு வரவில்லை. அமைதி ஒலி என்று ஒன்று இருந்தது. அவரைச் சாய்வாக உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, அதைப் போட்டுவிட்டாள். முதலில் தண்ணீர் சொட்டுகிற சத்தம். பிறகு ஒரு பெண் குரல், வெண்ணெய் தடவின மாதிரி.

‘உங்கள் முன்னால் ஒரு படிக்கட்டு இருக்கிறது. மெல்ல இறங்குங்கள். இன்னும் ஒரு படி. கீழே இருட்டாக இருக்கிறதா? பயம் வேண்டாம். குளிர்ந்த நீர் உங்களுக்காகக் காத்திருக்கிறது. மூச்சை விட்டுவிடுங்கள்...’

மோட்டார்க்காரர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அம்மா, தாயே, இதை நிறுத்துங்க!”

“முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான்யா இருக்கும்.”

“எல்லாருக்குமா?”

“இதுவரைக்கும் யாரும் வரல. வந்தா அப்படித்தான் இருக்கும்னு பயிற்சியில சொன்னாங்க.”

அப்புறமும் அவர் போனார். போகாமல்? வேறு எங்கே போவது? வீட்டில் சொன்னால் அண்ணி உடைந்து போவாள் என்று நினைத்தார். நண்பர்களிடம் சொன்னால் மறுநாள் பஸ் நிறுத்தத்தில் ‘அண்ணன் என்ன சொல்றார்?’ என்று விசாரிப்பார்கள். மையத்தில் யாரும் கேட்கவில்லை என்றாலும், கேட்கப் போகிறார்கள் என்று வாசலில் எழுதியாவது போட்டிருந்தது.

ஆலோசகர் பயிற்சி முடித்துத் திரும்பினார், ஆனால் மையத்துக்குத் திரும்பவில்லை. அங்கே அவர் கேட்ட விதம் மேலிடத்துக்கு ரொம்பப் பிடித்துப்போய், மற்றவர்களுக்குக் கேட்கச் சொல்லிக்கொடுக்கும் பதவிக்கு உயர்த்திவிட்டார்களாம். அவருடைய நாற்காலிக்கு மட்டும் வெள்ளைத் துண்டு போர்த்தி வைத்திருந்தார்கள்.

“ஒரு வழி பண்ணியிருக்கேன்யா,” என்றாள் ஒருங்கிணைப்பாளர், வேலையை முடித்த முகத்தோடு. “ஆலோசகர் வர்ற வரைக்கும் அவர் நாற்காலியைப் பார்த்துப் பேசலாம்னு அனுமதி வாங்கிட்டேன். நான் வெளிய நிக்கிறேன். கதவைச் சாத்திக்கறேன். ஒண்ணும் காதுல விழாது.”

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். மோட்டார்க்காரர் வெள்ளைத் துண்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எதிரே காலியாக ஒரு நாற்காலி இருந்து, நாமும் பேசாமல் இருந்தால், கொஞ்ச நேரத்தில் அது காலியாக இருப்பதில்லை. அண்ணன் உட்கார்கிற மாதிரியே நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததாக அவருக்குப் பட்டது. அறையில் பாசி வாடை அடித்தது. எழுந்து போய்ப் பயந்து பயந்து மெத்தையைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. அவர் அப்படியே வெளியே வந்துவிட்டார்.

“முகம் எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க!” என்றாள் ஒருங்கிணைப்பாளர். வெளிறிப் போயிருந்தது.

அடுத்து இயக்குநர் ஆய்வுக்கு வந்தார். கார்கள் வரிசையாக வந்தன. மையத்தால் குணமான ஒருவரை மேடையேற்ற வேண்டும் என்று உத்தரவு. குணமாவதற்கு வந்ததே ஒரே ஒருவர்தான். அதனால் குணமானவரும் அவரே என்று முடிவாயிற்று. மாலையைப் போட்டு, மைக்கை நீட்டினார்கள்.

“தயங்காமல் சொல்லுங்கள். இப்போது உங்கள் வாழ்க்கையில் என்ன நடக்கிறது?” என்று இயக்குநர் கேட்டார்.

இத்தனை நாளில் யாரோ ஒருவர் வாயால் கேட்டுவிட்டாரே என்று மோட்டார்க்காரர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “எங்க அண்ணன் என்னைக் கூப்பிடுறார்ங்க,” என்றார்.

“கேட்டீர்களா!” இயக்குநர் மைக்கை வாங்கிக்கொண்டார். “பேச்சு வார்த்தை அற்றுப்போன குடும்பம்! இன்று அண்ணன் தானாகவே வலிய வந்து கூப்பிடுகிறார்! இதைவிட எங்கள் துறைக்கு வேறென்ன விருது வேண்டும்?”

கைதட்டல் ஓய்ந்த இடைவெளியில், “அவர் செத்துட்டாருங்க,” என்றது எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. ஒருங்கிணைப்பாளர் தரையைப் பார்த்தாள். நாங்களும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டோம். இயக்குநர் மட்டும் ஒரு கணம்தான் நின்றார்.

“துயரத்தைக்கூட எவ்வளவு சுத்தமான உச்சரிப்பில் சொல்கிறார் பாருங்கள்! இந்தக் குரலைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.”

விஷயம் இதுதான். யாரும் மையத்துக்கு வரவில்லை என்றால், மையம் போய்க் கூப்பிட வேண்டியதுதானே? ஊரெங்கும், வயலெங்கும் ஒலிபெருக்கி வைக்கப் போகிறார்கள். குணமான ஒருவரின் சொந்தக் குரல் மற்றவர்களை அழைக்கும். மோட்டார்க்காரர் முடியாது என்றுதான் சொன்னார். இயக்குநர் அவர் தோளில் கை போட்டார்.

“பதிவை முடிச்சுக் குடுங்க. மறுநாளே ஆலோசகரை நானே கையைப் பிடிச்சு உங்க முன்னால உட்கார வைக்கிறேன்.”

அதற்காகத்தான் அவர் ஒப்புக்கொண்டார்.

பதிவின்போது எழுதிக் கொடுத்ததைப் படித்தார். ‘வாங்க. பயப்படாம வாங்க. நான் இங்கதான் இருக்கேன்.’ இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். “மரியாதை இருக்கு, பாசம் இல்லையே. ‘வாங்க’ வேண்டாம், ‘வா’ன்னே சொல்லுங்க. சொந்தத் தம்பியைக் கூப்பிடுற மாதிரி.”

மோட்டார்க்காரருக்குத் தம்பி கிடையாது. ஆனால் ஒரு தம்பியை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? காலம் பூராவும் கேட்ட குரல்தானே. கண்ணை மூடிக்கொண்டு அதை அப்படியே சொன்னார். “வா... பயப்படாம வா... நான் இங்கதான் இருக்கேன்.” பதிவு செய்தவன் கையில் மயிர் சிலிர்த்து நின்றது. “அருமை, அருமை,” என்றார் இயக்குநர்.

ஆலோசகர் வரவில்லை. ஒலிபெருக்கிகள் வந்தன. கூப்பிடு தூரம் என்று பலகையில் எழுதிவிட்டதால், எந்த மனிதன் எந்த இடத்தில் இருந்தாலும் ஏதாவது ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியின் குரல் அவனுக்கு எட்டியாக வேண்டும் என்பது துறையின் பிடிவாதம். வரைபடத்தை விரித்துப் பார்த்ததில் வயல்களுக்கு நடுவே ஓர் இடம் விட்டுப்போயிருந்தது. அங்கே கரண்டு வசதியோடு ஒரு மோட்டார் கொட்டகையும் இருந்தது. யாருடைய கிணறு, அதில் என்ன நடந்தது என்றெல்லாம் வரைபடத்தில் போடுவதில்லை. பெட்டியைக் கிணற்றைப் பார்த்து மாட்டினார்கள், எதிரொலித்து நெடுந்தூரம் கேட்கட்டும் என்று.

ஒரு காலைப்பொழுதில் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன. மோட்டார்க்காரர் யாரோ ஒருவருடைய கொட்டகையில் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன மோட்டார்க்காரரே, இங்க உட்கார்ந்துக்கிட்டு அங்கேயிருந்து கூப்பிடுறீங்க?” என்று வயல்காரர் கிண்டலடித்தார்.

அவரும் சங்கடமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தெற்கேயிருந்து அதே வார்த்தைகள் இன்னொரு தினுசாக வந்தன. ஆழத்தில் விழுந்து, சுவரில் மோதி, ஈரத்தோடு எழுந்து வருகிற குரல். அது அவருடைய குரலே இல்லை. எங்கேயிருந்து வருகிறது என்று புரிந்தது. இந்நேரம் அங்கே யார் இருப்பார்கள் என்பதும் புரிந்தது. கையிலிருந்த ஸ்பானரைக்கூடக் கீழே போடாமல் ஓடினார்.

அண்ணி கிணற்றுக்குள் இருந்தாள். பக்கச் சுவரில் பதித்த கல்படிகளில் பாதிக்கு மேல் இறங்கி, சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். புடவை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள், ஏதோ வீட்டு வேலைக்கு இறங்கினவள் மாதிரி.

“அண்ணி! மேல வாங்க அண்ணி!”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கலவரமே இல்லை. “இரு தம்பி, உங்கண்ணன் கூப்பிடுறாரு. இத்தனை நாளா மெதுவாத்தான் கூப்பிட்டுக்கிட்டிருந்தாரு. இன்னைக்குத்தான் நல்லாக் கேக்குது.”

கல் மாதிரி நின்றவள் எதைக் கேட்டுக்கொண்டு அப்படி நின்றாள் என்று மோட்டார்க்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது.

“அது அண்ணன் இல்ல அண்ணி! நான்தான்! அந்தப் பெட்டி! என்னைப் பேச வெச்சு...”

‘வா... பயப்படாம வா... நான் இங்கதான் இருக்கேன்,’ என்றது கிணறு. அவள் இன்னொரு படி இறங்கினாள்.

பெட்டி கொட்டகையின் உச்சியில் இருந்தது. ஏறி அறுப்பதற்குள் அவள் அடிக்குப் போய்விடுவாள். இறங்கி இழுக்கலாம் என்றால் கால் வரவில்லை. எத்தனை நாளாக அந்த விளிம்பைப் பார்க்காமல் இருந்தவர் அவர்! அந்த விளிம்புக் கல்லிலேயே குப்புறப் படுத்து, தலையைக் கிணற்றுக்குள் நீட்டி, கூப்பிட்டார். அதே குரலில், அதே வார்த்தையில். வேறு வார்த்தை அவருக்கு அப்போது வரவில்லை.

“வா! பயப்படாம வா! நான் இங்கதான் இருக்கேன்!”

அண்ணி நின்றாள். கீழே பார்த்தாள். மேலே பார்த்தாள். கிணறு கூப்பிட்டது. உடனே அவரும் கூப்பிட்டார். மறுபடியும் கிணறு, மறுபடியும் அவர். பெட்டிக்குத் தொண்டை கட்டாது. அவருக்குக் கட்டிக்கொண்டே வந்தது. குரல் பிசிறி, உடைந்து, கடைசியில் அண்ணன் குரலாகவும் இல்லாமல் தன் குரலாகவும் இல்லாமல் வெறும் அழுகையாகப் போயிற்று. கிணறு அழவில்லை. அது சொன்னதையே சுத்தமான உச்சரிப்பில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வித்தியாசத்தைத்தான் அண்ணி கேட்டிருக்க வேண்டும். அவள் மேலே பார்த்த முகத்தைத் திருப்பாமல் ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். கை எட்டியதும் அவர் பிடித்து இழுத்துக்கொண்டார்.

பிறகு கொட்டகை மேல் ஏறிப் பெட்டியின் வயரைப் பிடுங்கி அறுத்தார். வயல் அமைதியாயிற்று. இருவரும் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்கள்.

“அறுத்துட்டியா?”

“அறுத்துட்டேன் அண்ணி.”

அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். அவரும் கேட்டார். தண்ணீருக்கு அடியிலிருந்து, மெதுவாக, சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி வந்தது.

“உனக்கும் கேக்குதா தம்பி?”

“அவர் போன நாள்லேர்ந்து கேக்குது.”

“ஏன்டா சொல்லல?”

“நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு. நீங்க ஏன் சொல்லல?”

“எனக்குப் பைத்தியம்னு நீ பயந்துடுவேன்னுதான்,” என்றாள் அவள். அப்புறம்தான் அழுதாள்.

இயக்குநருக்கு விஷயம் போகாமல் இருக்குமா? ஒலிபெருக்கி வைத்த முதல் நாளே, குரல் கேட்டு இரண்டு பேர் வேலையைப் போட்டுவிட்டு ஓடோடி வந்தார்கள் என்று போயிற்று. மகிழ்ந்து போனார். மையத்தின் வாசலில் கிடைக்காத பலன் கிணற்றடியில் கிடைத்திருக்கிறதே! இனி எல்லாக் கிணறுகளிலும் ஒரு பெட்டி என்று அடுத்த விழாவில் அறிவித்தார். “ஆழத்தில் இருப்பவர்களையும் எங்கள் துறை கைவிடாது,” என்றார். கைதட்டச் சொல்லிச் சைகை காட்டினார்கள். எங்களில் பாதிப் பேர் தட்டவில்லை. அதற்கு மேல் எங்களுக்கும் துணிச்சல் போதாது.

ஒருங்கிணைப்பாளர் அம்மா மட்டும் ஒருநாள் அண்ணி வீட்டுக்கு நடந்தே வந்தாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். “இன்னைக்கு எனக்கு லீவுங்க. லீவு நாள்ல கேட்கக் கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லல,” என்றாள். இந்த முறை கை காதுக்குப் போகவில்லை, மடியிலேயே இருந்தது.

பெட்டிகள் கிணறு கிணறாக மாட்டப்பட்டன. மாட்டின சில நாளில் ஒவ்வொன்றாக ஊமையாகிப் போயின. துறையிலிருந்து ஆள் வந்து, வயர் விவகாரம் தெரிந்த ஒரே ஆளான மோட்டார்க்காரரைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டான். அவர் வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எலிங்க. மையத்துல பழகின எலிங்க. முன்பதிவு எல்லாம் பண்ணாது,” என்றார்.

இப்போது அந்த மோட்டாரைப் போட இருவரும் சேர்ந்துதான் போகிறார்கள். விளிம்புக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றுகொள்கிறார்கள். சுவிட்சில் கை வைக்கும்போது இன்னமும் கீழேயிருந்து அது வருகிறது. அவர் வாய் பழக்கத்தில் ‘இதோ’ என்று தொடங்குகிறது. அண்ணி அவர் சட்டையைப் பிடித்துக்கொள்கிறாள்.

“அவர் கூப்பிட்டா கூப்பிடட்டும். நீ மோட்டாரைப் போடு.”